கல்லுத் தலை தெரிஞ்சா போகலாம்

அந்த ஒத்தை வளைவையா கேக்கிய? கேளுங்க, கேளுங்க. இந்த பஸ்ஸுல புதுசா ஏறுற ஆளு எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. ஆத்துக்கு நடுவுல வாசல் மட்டும் நிக்கி, வீட்டைக் காணோமேன்னு முந்தாநாள் ஒரு அம்மா கேட்டுச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, எனக்கு மூட்டு மடங்க மாட்டேங்கு. பஸ் எடுக்க இன்னும் இருபது நிமிசம் கிடக்கு. டிரைவர் இப்பதான் டீக்குச் சொல்லிருக்காரு. வடையும் வாங்கிட்டாருன்னா அரைமணி நேரம்னு வச்சுக்கிடுங்க.

எம்பேரு உச்சிமாகாளி. ரோட்டு வேலை பாத்தவன். குழி அடைக்கது, ஓரத்துப் புல்லைச் செதுக்குதது, மைல் கல்லுக்கு வெள்ளை அடிக்கது, வெள்ளம் வந்தா பாலத்தை அடைச்சுக்கிட்டுக் காவல் நிக்கது. இருபத்தெட்டு வருசம். இந்தக் கோணாறு ஆத்தைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்ச ஆளு இந்தக் கரையிலயும் கிடையாது, அந்தக் கரையிலயும் கிடையாது. பெருமைக்குச் சொல்லல. இன்ஜினியருமாரே எங்கிட்டதான் வந்து கேப்பாங்க, மாகாளி, தண்ணி எங்க சுழிக்கும், எங்க அரிக்கும்னு.

ஆலங்கடவுன்னு இந்த ஊருக்குப் பேரு ஏன் வந்துச்சு? கடவுன்னா ஆத்தைத் தாண்டுற இடம். முதல்ல இங்க தோணிதான். அப்பம் யாரோ ஒரு தொரை குதிரையோட தோணியில ஏறிருக்காரு. குதிரை மிரண்டு, தொரை தண்ணிக்குள்ள விழுந்துட்டாராம். மறுவருசமே பாலம் வந்துட்டு. நம்ம ஆளு நூறு பேரு விழுந்திருப்பான், அதுக்கெல்லாம் வரல. அஞ்சு கண் பாலம், அஞ்சு வளைவு. கருங்கல்லு. கைப்பிடிச் சுவர்ல நீள நீளமா கல்லு செதுக்கி வச்சிருந்தானாம், இழைச்ச மரம் கணக்கா. நான் கைப்பிள்ளையா இருக்கும்போது வந்த வெள்ளத்துல நாலு கண்ணு போயிட்டு. ஒண்ணு மட்டும் நிக்கி. நீங்க கேட்டது அதுதான்.

அதுக்குப் பொறவு இருபது வருசம் மறுபடியும் தோணிதான், அப்புறம்தான் தரைப்பாலம். பாலம்னா என்ன, ஆத்துக்குக் குறுக்கே ஒரு ரோடு, அடியில நாலு குழாய். சாதாரண நாள்ல தண்ணி குழாய்ல போகும், வெள்ளம் வந்தா ரோட்டுக்கு மேல போகும். ரெண்டு ஓரத்துலயும் அடையாளத்துக்குக் கல்லு நட்டிருந்தாங்க. வேற எங்க போய்க் கல்லு வாங்க? உடைஞ்ச பாலத்துக் கைப்பிடிக் கல்லையே எடுத்து நட்டுட்டாங்க. ஒவ்வொண்ணும் மூணரை அடி நீளம். ரெண்டரை அடி மண்ணுக்குள்ள, ஒரு அடி வெளியில. தலையில வெள்ளை அடிச்சிருக்கும்.

இந்த ரெண்டு கரைக்கும் அதுதான் சட்டம் பாத்துக்கிடுங்க. கல்லுத் தலை தெரிஞ்சா போகலாம், முங்கினா போகப்பிடாது. ரேடியோவும் வேண்டாம், ஆபீசரும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட கரையில நின்னு எட்டிப்பாத்துட்டு, தலை தெரியுதுன்னு பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கும். முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு உசிரு போகல. ஒரு கோழிக்குஞ்சு போகலன்னு சொல்லுவேன் நான். அந்தக் கல்லுக்கு வருசா வருசம் வெள்ளை அடிச்சது இந்தக் கைதான்.

பொறவு அந்தத் தரைப்பாலமும் அரிச்சுப்போச்சுன்னு ஒரு வைகாசியில புதுசா காங்கிரீட்டுல போட வந்தாங்க. அங்கதான் சனியன் பிடிச்சுது. காண்ட்ராக்டர்னு ஒருத்தன் வந்தான். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, தண்ணியைக் கண்டா காலை நனைக்க மாட்டான். அவன் சொல்லுதான், ஓரத்துக்குக் குட்டையா காங்கிரீட்டுக் கல்லு லாரியில வருது, இந்தப் பழசையெல்லாம் தூக்கி ஆத்துல போடுன்னு. எனக்கு வந்த கோவம்! ஏலே, நூத்தைம்பது வருசத்துக் கல்லுலே இது, உன் காங்கிரீட்டு பத்து வருசம் தாங்குமான்னு கேட்டேன். பழைய கல்லைத்தான் நடணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். ஊரைக் கூட்டிட்டேன். ரோடு இன்ஸ்பெக்டரு பாத்தாரு, சரி, மாகாளி ஆசைப்படுதான், நட்டுட்டுப் போட்டும்னுட்டாரு.

நட்டேன். நாப்பது கல்லு இந்த ஓரம், நாப்பது கல்லு அந்த ஓரம். எல்லாம் நானே தூக்கி, நானே நிறுத்தி, நானே சாந்து போட்டு இறுக்கினேன். ஆனா குழி போட்டது அந்தப் பய ஆளுங்க. எவ்வளவு போட்டான் தெரியுமா? ஒன்றரை அடி. ஒன்றரை அடிதான் போட்டான் தம்பி, காங்கிரீட்டை மிச்சம் பிடிக்கதுக்கு. முன்ன ரெண்டரை அடி உள்ள இருந்த கல்லு, இப்பம் ஒன்றரை அடிதான் உள்ள இருக்கு. அப்பம் வெளிய எவ்வளவு? ரெண்டு அடி. கணக்கு சரியா? முன்ன ஒரு அடி தெரிஞ்சது, இப்பம் ரெண்டு அடி தெரியுது. அப்பம் ரோட்டு மேல ஒன்றரை அடித் தண்ணி போனாலும் கல்லுத் தலை தெரியத்தானே செய்யும். அடியில ஒரு அடியை அறுத்துட்டு நடுன்னு இன்ஸ்பெக்டரு சொன்னாரு. சொல்லாமல் இல்ல. அந்தக் கல்லுல போய் ரம்பத்தை வைக்க எனக்கு மனசு வரல. கம்பீரமா நிக்கட்டுமேன்னு விட்டுட்டேன். ஆனா குழியை அவன் ஒழுங்கா போட்டிருந்தான்னா இந்தப் பேச்சே வந்திருக்காதுல்லா? இதை நான் எத்தனையோ பேர்கிட்ட சொல்லிட்டேன்.

அந்த வருசம் ஐப்பசியில முதல் வெள்ளம். எம்மகன் பூல்பாண்டி போயிட்டான்.

இல்ல, இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒம்பது வருசம் ஆச்சு.

ஒத்தைப் பிள்ளை. இருபத்தெட்டு வயசு. மில்லுல எலெக்ட்ரீசியன் வேலை. அந்தக் கரையில மருதங்குறிச்சியில பொண்ணு எடுத்தோம், சங்கரகோமதின்னு பேரு. நல்ல பிள்ளை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தா, பொம்பளப் பிள்ளை பிறந்துது. பதினாறாம் நாளு பிள்ளைக்கு இடுப்புல அரைஞாண் கட்டணும். எங்க பக்கத்து வழக்கம் அது, அப்பன் வீட்டுல இருந்துதான் அரைஞாண் போகணும். பத்தரைக்குள்ள கட்டிரணும்னு நேரம் குறிச்சுக் குடுத்துட்டாங்க. அன்னைக்குப் பாத்து வெள்ளம். காலையில பைக்கை எடுத்துக்கிட்டுப் போனான். பாலத்துல கயிறு கட்டியிருந்துச்சு. கல்லுத் தலை தெரிஞ்சுது. போனான். பாதிப் பாலத்துல தண்ணி பைக்கைத் தூக்கிட்டு. ரெண்டு நாள் கழிச்சு நாணலுக்குள்ள கிடந்தான். சட்டைப் பையில அரைஞாண் அப்படியே இருந்துது.

மறுவருசம் அந்தக் காங்கிரீட்டுப் பாலமும் ரெண்டா பிளந்துட்டு. பத்து வருசம் தாங்குமாலேன்னு கேட்டேன், ரெண்டு வருசம்கூட தாங்கல. அதுக்குப் பொறவு அந்தக் கரைக்குப் போகணும்னா இருபத்திரெண்டு கிலோமீட்டர் சுத்தணும், ரெண்டு பஸ் மாறணும். நான் விடல தம்பி. எம்மகனை வாங்கின ஆத்துக்கு மேல ஒரு பாலம் நின்னாத்தான் எனக்குக் கட்டை வேகும்னு சொல்லி, திங்கக்கிழமை திங்கக்கிழமை மனு. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல என்னைக் கண்டா வாட்ச்மேனே சிரிப்பான், பாலக்காரர் வந்துட்டாருன்னு. ஒவ்வொரு மனுவுலயும் முதல் வரி இதுதான்: 'பாலம் இல்லாத காரணத்தால் என் ஒரே மகன் உயிரிழந்தான்.' எட்டு கலெக்டர் மாறிட்டாங்க. ஒம்பதாவது வருசம் இந்தத் தையில, அன்னா பாருங்க, பெரிய பாலம். பதினாலு தூணு. இனி பிரளயமே வந்தாலும் தண்ணி ரோட்டைத் தொடாது.

எதுக்கு இம்புட்டுப் பாடுன்னு கேப்பிய. கோமதியும் பிள்ளையும் வாரதுக்குத்தான். பாவம், கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறி அவ எப்படி வருவா? அதான் வரல. பிள்ளைக்குப் பேரு யாழினி. நான் இன்னும் பாத்ததில்ல. எம்பொஞ்சாதி ஆவுடை மாசம் ஒரு தடவை சுத்திக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வருவா. எனக்கு மூட்டுவலி, அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல இருக்க முடியாது. அவ திரும்பி வந்ததும் கேப்பேன், கோமதி என்னை விசாரிச்சாளான்னு. ஆவுடை பையை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிருவா. அவளுக்குப் பேச்சே கம்மியாயிட்டு, மகன் போனதுல இருந்து.

பாலம் திறந்த மறுநாளே அன்னா அந்த டீக்கடை பெஞ்சுல வந்து உக்காந்துட்டேன். காலையில எட்டு மணிக்கு வந்தா சாயங்காலம் வரைக்கும். அந்தப் பக்கத்துல இருந்து வர்ற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எந்திரிச்சு நிப்பேன். இறங்குறவங்களைப் பாப்பேன், உக்காருவேன். பத்து நாள் ஆச்சு. ஸ்கூல் இருக்கும்லான்னு நினைச்சேன். சனி, ஞாயிறும் வரல. இருபது நாள் ஆச்சு, முப்பது நாள் ஆச்சு. இப்பம் நாலு மைலுதான் தம்பி, பஸ்ஸு வாசல்ல நிக்கி. அதுக்கு மேல எனக்குச் சொல்லிக்கிட ஒண்ணும் இல்லாமப் போச்சு. டீக்கடைக்காரனே ஒருநாள் கேட்டுட்டான், என்ன மாமோய், பாலம்தான் வந்துட்டே, ஆளைக் காணோம்னு. அவன் வேடிக்கையாத்தான் கேட்டான். நான் டம்ளரை விட்டெறிஞ்சுட்டேன்.

நாப்பத்தோராம் நாளு வந்தா. போன வியாழக்கிழமை. தனியா. பிள்ளையைக் கூட்டிட்டு வரல.

எதுத்தாப்புல வந்து உக்காந்தா. மெலிஞ்சு போயிருந்தா. வா தாயின்னேன், பிள்ளை எங்கன்னேன். அவ பாலத்தைப் பாத்துக்கிட்டே கேக்கா, "பாலம் இல்லாததாலயா மாமா அவரு செத்தாரு?"

ஆமா தாயி, பின்னன்னு ஆரம்பிச்சேன். உங்ககிட்ட சொன்னேன்லா, அதே கதைதான். காண்ட்ராக்டரு, ஒன்றரை அடிக் குழி, எல்லாம் சொன்னேன். நான் முடிக்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்துட்டு, "கயிறு கட்டினது யாரு மாமா?"ன்னா.

நான்தான். என் டூட்டி அன்னைக்கு. ஏழு மணிக்கே ரோடு இன்ஸ்பெக்டர் போன்ல சொல்லிட்டாரு, அடைச்சிரு மாகாளி, யாரையும் விடாதேன்னு. புளியமரத்துக்கும் கரண்டுக் கம்பத்துக்குமா கயித்தைக் கட்டி நின்னேன். பால்வண்டியைத் திருப்பி அனுப்பினேன். ஒரு கல்யாண வேனைத் திருப்பி அனுப்பினேன்.

"அவருக்குக் கயித்தைத் தூக்கிவிட்டது யாரு?"

நாக்கைப் பிடுங்குற மாதிரி கேக்கா தம்பி. நான் மறுபடியும் கல்லுத் தலை தெரிஞ்சுதுலா தாயின்னேன். அவ சொல்லுதா: "அன்னைக்குக் காலையில நான் போன்ல உங்ககிட்டதான் பேசினேன் மாமா. தண்ணி கூடிப் போவுதாம், வடியட்டும், நேரம் தப்பினா நாளைக்குக் கட்டிக்கலாம், அவரை விடாதீங்கன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? உங்க வீட்டு ஆளுக்கு ஆத்தைப் பத்தி என்னட்டி தெரியும், அரைஞாண் நேரத்துக்கு வரலன்னு நாளைக்கு உங்க சொந்தக்காரன் சொல்லிக் காட்டவான்னு கேட்டீங்க. பின்னாடி அவரு குரல் கேட்டுது. அப்பா, இழுப்பு அதிகமா இருக்கேப்பான்னாரு. நீங்க, நான் சொல்லுதேம்லா, போலேன்னீங்க. இதைக் கேட்டுக்கிட்டுத்தான் மாமா நான் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனேன்."

எல்லாம் அவ காதுல விழுந்திருக்கு. எனக்கு இத்தனை வருசம் அது தெரியாது. தெரியாதுன்னுதான் சொல்லணும்.

போலீஸ் வந்தப்பம் நான் என்ன எழுதிக் குடுத்தேன்னு உங்களுக்கு இன்னும் சொல்லல. ரோடு இன்ஸ்பெக்டரு என் தோளைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, மாகாளி, போனவன் போயிட்டான், அடைச்ச பாலத்துல நீயே ஆளை விட்டேன்னா உள்ள போயிருவே, வேலையும் போகும்னு. நான் அப்பம் நிதானத்துல இல்ல தம்பி. எம்பிள்ளையை இன்னும் எடுக்கல, ஆத்துல தேடிக்கிட்டு இருக்காங்க. நீட்டின காகிதத்துல கையெழுத்துப் போட்டேன். 'நான் தடுத்தும் கேளாமல், கயிற்றை மீறிச் சென்றுவிட்டான்.' மறுநாள் பேப்பர்ல அது அப்படியே வந்துட்டு. தந்தையின் எச்சரிக்கையை மீறிய வாலிபர்னு.

அதைத்தான் கோமதி சொன்னா. "யாழினி ஸ்கூல்ல யாரோ சொல்லிட்டாங்க மாமா. அந்தப் பழைய பேப்பரை ஒரு வீட்டுல வச்சிருந்திருக்காங்க. வந்து கேக்கா, எங்கப்பா பெரியவங்க சொன்ன பேச்சைக் கேக்காதவராம்மா, அதான் செத்தாராம்மான்னு. இல்லட்டின்னு சொன்னா நம்ப மாட்டேங்கா. தாத்தாவே சொல்லிருக்காராமேங்கா. நான் என்ன சொல்லட்டும்?"

நான் துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோள்ல போட்டேன்.

"ஆறு ஒண்ணும் குறுக்க நிக்கல மாமா. அத்தை மாசாமாசம் வரத்தானே செய்தாங்க. நீங்க ஒரே ஒரு தடவை, நான்தான் போகச் சொன்னேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருப்பேன். ஒம்பது வருசமா பாலம், பாலம்னு மனுக் குடுத்தீங்க. அதுலயும் பொய்தான் எழுதினீங்க." எந்திரிச்சுட்டா. போகும்போது சொன்னா, "பேத்தியைப் பாக்கணும்னா வாங்க. வந்து அவகிட்ட நீங்களே சொல்லுங்க. சொல்ல முடியலன்னா வராதீங்க."

நாலு நாளாச்சு. தினமும் இந்த பஸ்ஸுல ஏறுதேன், கிளம்புற நேரத்துல இறங்கிருதேன். பாலம் கேட்டு வாங்கினவன் இன்னைக்கு வரைக்கும் அதுல காலை வைக்கல, சிரிக்காதீங்க. நீங்க சிரிக்க மாட்டீங்க, தெரியும். ஒம்பது வயசுப் பிள்ளை தம்பி. முத முதலா முகத்தைப் பாக்கப் போறேன். போன உடனே நான்தான் உங்கப்பனைக் கொன்னேன்னு சொல்லணும். எப்படிச் சொல்ல? வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். எப்படி ஆரம்பிச்சாலும் குழிக்குள்ள போய் நிக்கி, ஒன்றரை அடி, ஒன்றரை அடின்னு. நேத்து ஆவுடை பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஒம்பது வருசம் கழிச்சு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினா. "அதை விட்டுட்டுச் சொல்லுங்க"ன்னா.

ஏறிட்டாரா டிரைவரு? எடுக்காரு. ஐயோ, எடுத்துட்டாரு.

இருக்கட்டும். இருக்கட்டும், நான் இறங்கல.

கைப்பிடியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுதேன். பாலத்துல ஏறிட்டோமா? நான் கீழ பாக்கல. நீங்க பாத்துக்கிடுங்க. அந்த வளைவைத் தாண்டும்போது சொல்லுங்க. அதுக்கு நேரா வந்துதான் அவன் நின்னான்.

ஆமா தம்பி, நின்னான். இது கோமதிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, அந்தக் கரையில நின்னு பாத்தவங்களுக்கும் மழையில ஒண்ணும் புரிஞ்சிருக்காது. பாதிப் பாலம் போனவன் பைக்கை நிறுத்திட்டு, காலை ஊனிக்கிட்டு, திரும்பி என்னைப் பாத்தான். தண்ணி அவன் முழங்காலுக்கு வந்துட்டு. அப்பம்கூட திரும்பியிருக்கலாம். அவன் முகத்துலயே தெரிஞ்சுது, திரும்பணும்னு நினைக்கான்னு. நான் வான்னு ஒரு கையைக் காட்டியிருந்தாப் போதும், வந்திருப்பான். எனக்கு அந்தக் கரையில சம்பந்தி வீட்டு ஆளுங்க குடையோட நின்னு பாத்துக்கிட்டு இருந்ததுதான் கண்ணுல பட்டுச்சு. என் கையில சிவப்புக் கொடி. வண்டியை நிறுத்துறதுக்குன்னு குடுத்த கொடி. அதைத் தூக்கி, போ, போன்னு ஆட்டினேன்.

போனான். எம்மகன் சொன்ன பேச்சைக் கேட்டவன் தம்பி. பிறந்ததுல இருந்து எம்பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுனதில்ல. கேட்டதாலதான் செத்தான். அந்தப் பிள்ளைகிட்ட இதைத்தான் சொல்லணும், இல்லையா? உங்கப்பன் கேக்காத பிள்ளை இல்லட்டி, கேட்ட பிள்ளை. இப்படிச் சொன்னா அதுக்குப் புரியுமா? ஒம்பது வயசுக்குப் புரியும்லா?

தாண்டிட்டோமா? அதுக்குள்ளயா? இவ்வளவுதானா இந்தப் பாலம்?

கண்டக்டரே, மருதங்குறிச்சி விலக்குல ஒரு ஆள் இறங்கணும். கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுங்க தம்பி. படி வரைக்கும் இந்தக் கையைப் பிடிச்சுக்கிடுங்க.